பிடித்த காசுக்கு நோட்டீஸ் எங்கே?

பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கிப் பார்க்கும்போது 118, 236, 141.60 என்று ஒட்டாத சில்லறையோடு ஒரு பற்று நின்றால், அது பெரும்பாலும் வங்கி எடுத்த கட்டணம். அந்தச் சில்லறை 18 சதவீத ஜிஎஸ்டியால் வருவது. தொகையை 1.18 ஆல் வகுத்தால் உண்மையான கட்டணம் கிடைக்கும்: 118 என்றால் 100, 236 என்றால் 200, 141.60 என்றால் 120. முதலில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு வங்கியின் கட்டண அட்டவணையோடு ஒப்பிட்டால், எதற்காகப் பிடித்தார்கள் என்பது பாதி தெரிந்துவிடும்.

‘சொல்லாமல் கொள்ளாமல் எப்படிப் பிடிக்கலாம்?’ என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில்: பிடிக்கக் கூடாது, முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தச் சொல்லலில் இரண்டு வகை உண்டு. கட்டணத்தின் அளவை மாற்றும்போது எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது ஒன்று. உங்கள் கணக்கில் இருப்பு குறைந்துவிட்டது என்று உங்களுக்கு மட்டும் சொல்வது மற்றொன்று. இவை இரண்டிலும் சேராத சில கட்டணங்களும் இருக்கின்றன. எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று தெரியாமல் கவுண்டரில் போய் நின்றால், ‘எல்லாம் வெப்சைட்டில் இருக்கு’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான்.

முதல் வகையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வங்கிக் கட்டணங்கள் நியாயமானவையா என்று ஆராய ரிசர்வ் வங்கி ஒரு குழு அமைத்து, அதன் பரிந்துரைகளின்பேரில் 2007 பிப்ரவரியில் வங்கிகளுக்கு உத்தரவு போட்டது. கட்டணத்தில் மாற்றம் வரப்போகிறது என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தனிநபர்களிடம், அறிவித்த கட்டணத்தை மட்டுமே வசூலிக்க வேண்டும். பிடித்த பிறகு அதையும் தெரிவிக்க வேண்டும். மினிமம் பேலன்ஸ் அளவையோ அதற்கான அபராதத்தையோ மாற்றினால் குறைந்தது ஒரு மாதம் முன்பே பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது அதற்கும் முந்தைய விதி. 2014இல் ரிசர்வ் வங்கி வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தை வெளியிட்டது. அதையொட்டி எழுதப்பட்ட மாதிரிக் கொள்கையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள்: பாதகமான மாற்றம் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு, அந்த அறிவிப்பிலிருந்து 60 நாளுக்குள் புதிய கட்டணம் கட்டாமலே கணக்கை மூடவோ வேறு கணக்குக்கு மாறவோ வாய்ப்பு. ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஒப்புதலோடு இப்படியொரு கொள்கையை வைத்திருக்கிறது. இணையதளத்தில் ‘வாடிக்கையாளர் உரிமைக் கொள்கை’ என்று தேடி அதில் இந்தப் பத்தியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்தேதியிட்டு கட்டணம் உயர்த்தியிருந்தால் இந்த ஒரு தாள் போதும்.

பெரும்பாலான சண்டை நடப்பது இரண்டாவது வகையில்தான்.

சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி தெளிவாக வகுத்தது. 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இருப்பு குறைந்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சல், கடிதம் என ஏதாவதொரு வழியில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நோட்டீஸ் தேதியிலிருந்து குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதற்குள்ளும் இருப்பு ஏறாவிட்டால்தான் அபராதம், அதையும் தெரிவித்துவிட்டே எடுக்க வேண்டும். ஜூன் மாதச் சராசரி குறைந்தது, ஜூலை 4ஆம் தேதி எஸ்எம்எஸ் வந்தது என்றால், ஆகஸ்ட் 4க்கு முன்னால் ஒரு ரூபாய்கூடக் கை வைக்க முடியாது. பாஸ்புக்கில் ஜூலை 5ஆம் தேதியே பற்று விழுந்திருந்தால் அங்கேயே கேள்வி எழுகிறது.

அதே சுற்றறிக்கையில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன, பலருக்குத் தெரிவதில்லை. அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும். 100 ரூபாய் குறைந்தவருக்கும் 5,000 குறைந்தவருக்கும் ஒரே அபராதம் போட முடியாது. அடுத்து, இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. நடப்பில் என்ன ஆகிறது என்றால், இருப்பைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு மீதியைப் ‘பாக்கி’ என்று தனியே வைத்திருப்பார்கள். மகன் அனுப்பும் பணமோ முதியோர் உதவித்தொகையோ வந்து விழுந்ததும் அந்தப் பாக்கி தானாகக் கழியும். ‘போட்ட பணம் போட்ட அன்றே குறைந்துவிட்டது’ என்று சொல்பவர்கள் கணக்கில் இதைத்தான் பார்க்கலாம். அப்படிக் கழிந்த ஒவ்வொரு தொகைக்கும் எந்த மாதத்துக் குறைவு, எந்தத் தேதி நோட்டீஸ் என்று எழுத்தில் கேட்கலாம்.

கணக்குப் போடும் முறையிலும் கோட்டை விடுகிறார்கள். பெரும்பாலான வங்கிகள் பார்ப்பது மாதச் சராசரி. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, நாள்களால் வகுத்து வருவது. 5,000 ரூபாய் சராசரி வேண்டும் என்றால் 30 நாள் மாதத்துக்குக் கூட்டுத்தொகை 1,50,000 வர வேண்டும். முதல் 20 நாள் 2,000 இருந்தால் 40,000 ஆயிற்று. 21ஆம் தேதி ‘மினிமம் 5,000தானே’ என்று அந்த அளவுக்கு ஏற்றிவைத்தால் மேலும் 50,000 சேரும். மொத்தம் 90,000, சராசரி 3,000. இன்னும் 2,000 குறைவு. 6 சதவீத அபராதம் என்று வைத்தால் 120, ஜிஎஸ்டியோடு 141.60. சரிக்கட்ட வேண்டுமென்றால் அந்தக் கடைசி 10 நாளும் 11,000 நிற்க வேண்டும். அல்லது நகை விற்ற பணமோ சீட்டுப் பணமோ ஒரு பெரிய தொகையாக ஒன்றிரண்டு நாள் நின்றாலும் சராசரி ஏறிவிடும். நோட்டீஸ் வந்தபின் அன்றே குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றி, அடுத்த மாதம் முடியும்வரை இறக்காமல் வைப்பது பாதுகாப்பு. சில கணக்குகளில் காலாண்டுச் சராசரி. அங்கே 90 நாளால் வகுக்க வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் சரிசெய்வது இன்னும் கடினம்.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பது கிளை இருக்கும் ஊரைப் பொறுத்தது. ரிசர்வ் வங்கியின் பிரிவின்படி 10,000க்குக் கீழ் மக்கள்தொகை கிராமம், 10,000 முதல் ஒரு லட்சத்துக்குள் சிறுநகரம், ஒரு லட்சம் முதல் 10 லட்சத்துக்குள் நகரம். நம் செட்டிநாட்டையே எடுத்துக்கொண்டால், 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. தேவகோட்டை ஏறத்தாழ அதில் பாதி. கானாடுகாத்தான் 10,000ஐத் தொடவில்லை. ஆக, ஒரே வங்கி, ஒரே வகைக் கணக்கு, ஆனால் காரைக்குடிக் கிளைக்கு ஓர் அளவு, தேவகோட்டைக்கு வேறு, கானாடுகாத்தானுக்கு இன்னொன்று. கிராமக் கிளைக் கணக்கை வசதிக்காகக் காரைக்குடிக்கு மாற்றுகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிளை மாற்றத்தால் அளவு ஏறுவதைக் கட்டண உயர்வு என்று சொல்லி நோட்டீஸ் கேட்க முடியாது. மாற்றச் சொன்னது நீங்கள்.

அளவு அதிகம் என்று வாதாடுவதில் பயனில்லை. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி புதிய கணக்குகளுக்கு நகரங்களில் 50,000 ரூபாய் என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே 15,000க்கு இறங்கியது. அப்போது ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா, மினிமம் பேலன்ஸை முடிவு செய்வது வங்கிகளின் விருப்பம், அது ஒழுங்குமுறைக்குள் வராது என்று சொல்லிவிட்டார். அளவு அவர்கள் இஷ்டம். நோட்டீஸ் அவர்கள் இஷ்டம் இல்லை. புகார் எழுதும்போது இந்த வேறுபாடுதான் கை கொடுக்கும், பின்னால் வருகிறேன்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வழி உண்டு. ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்கு மினிமம் பேலன்ஸ் அபராதத்தை எடுத்துவிட்டது. 2025இல் கனரா, இந்தியன் வங்கி, பரோடா வங்கி என்று வரிசையாக விட்டார்கள். 1937இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்து தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் 2025 அக்டோபர் முதல் பொதுச் சேமிப்புக் கணக்குக்கு விட்டுவிட்டது. இந்த வங்கிகளின் சிறப்புவகைக் கணக்குகளுக்கு இது பொருந்தாமல் போகலாம். உங்கள் கணக்கின் வகைப் பெயர் பாஸ்புக் முதல் பக்கத்தில் இருக்கும். வேறு எந்த வங்கியிலும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு கேட்கலாம். மினிமம் பேலன்ஸ் கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு முறை கட்டணமின்றி எடுக்கலாம். நிபந்தனை உண்டு: அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன ஒரு மாத நோட்டீஸ் சேமிப்புக் கணக்குக்கு மட்டும்தான். புதுவயல் அரிசி ஆலையோ ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையோ வைத்திருக்கும் கரன்ட் கணக்குக்கு அது பொருந்தாது. அங்கே இருப்பு குறைந்தால் ஒப்பந்தப்படி நேரே பிடித்துவிடுவார்கள். ரொக்கம் அதிகம் கட்டினால் அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. கணக்குத் தொடங்கும்போது வாங்கிய அட்டவணையை எடுத்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அங்கு பேச இடமிருக்கிறது.

தனி நோட்டீஸ் இல்லாமலே பிடிக்கக்கூடியவை எவை? நீங்கள் செய்யும் ஒரு காரியத்தால் விழும் கட்டணங்கள். ஏடிஎம்மில் சொந்த வங்கி எந்திரத்தில் மாதம் 5 முறை இலவசம். பிற வங்கி எந்திரம் என்றால் சென்னை போன்ற ஆறு பெருநகரங்களில் 3, மற்ற ஊர்களில் 5. அதற்குமேல் 2025 மே 1 முதல் ஒரு முறைக்கு அதிகபட்சம் 23 ரூபாய், வரி தனி. கணக்கு எங்கே இருக்கிறது என்பது இதில் கணக்கில்லை. எந்திரம் எங்கே நிற்கிறது என்பதுதான். கணக்கு பள்ளத்தூரில் இருந்தாலும் தி.நகரில் எடுத்தால் சென்னைக் கணக்குதான். செக் ரிட்டர்ன், கடன் தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் இசிஎஸ் பணமில்லாமல் திரும்புவது, டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் எல்லாம் இந்த ரகம். தவணை திரும்பினால் வங்கி ஒரு பக்கம், கடன் கொடுத்த கம்பெனி ஒரு பக்கம் என்று இரண்டு அடி. அதே மாதம் மறுபடி போட்டு மறுபடி திரும்பினால் திரும்பவும் பிடிப்பார்கள். எஸ்எம்எஸ் கட்டணம் மட்டும் அனுப்பிய எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் இருக்க வேண்டும் என்று 2013இலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது.

மே கடைசியில் 436 ரூபாயோ 20 ரூபாயோ போயிருந்தால் அது கட்டணமே இல்லை. ஜீவன் ஜோதி, சுரக்‌ஷா என்ற இரண்டு அரசுக் காப்பீடுகளின் ஆண்டு பிரீமியம். எப்போதோ ஒரு படிவத்தில் கையெழுத்து போட்டிருப்பீர்கள். வேண்டாமென்றால் மே மாதத்துக்கு முன்பே எழுதிக்கொடுத்து நிறுத்துங்கள். வேண்டும் என்றால் அந்த வாரம் பணம் இருக்கட்டும். இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும்.

லாக்கர் விஷயம் செட்டிநாட்டு வீடுகளுக்கு முக்கியம். வாடகை வருடத்துக்கு ஒரு முறை இணைத்திருக்கும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும். சில ஆயிரம் ஒரே நாளில் இறங்குவதால் அந்த மாதச் சராசரி விழும், அதற்கு அபராதம் வரும். வங்கி தானாகச் செய்யும் ஒரு பரிவர்த்தனையால் மினிமம் பேலன்ஸ் குறைந்தால், அல்லது குறையும்போல இருந்தால், எல்லாச் சமயத்திலும் வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது 2007 உத்தரவிலேயே இருக்கிறது. லாக்கர் வாடகையால் விழுந்த அபராதத்துக்கு இந்த வரியைக் காட்டித் திரும்பக் கேட்கலாம். வருட நடுவில் லாக்கரை ஒப்படைத்தால், முன்கூட்டிக் கட்டிய வாடகையில் மீதி மாதங்களுக்கு உரியதைத் திருப்பித்தர வேண்டும். கேட்காவிட்டால் பல கிளைகளில் தானாக வராது.

நோட்டீஸ் போடவில்லை என்பதைவிட, போட்ட நோட்டீஸ் போய்ச் சேரவில்லை என்பதே நம் ஊரில் அதிகம். வீடு பூட்டிக் கிடக்கிறது; முகப்புத் திண்ணையில் தபாலை வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆட்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கணக்கில் பதிந்திருக்கும் கைப்பேசி எண் காலமான அப்பச்சியுடையது, அல்லது ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண். ‘ஆச்சி, மெசேஜ் போயிருக்குமே, பாருங்க’ என்று கிளையில் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. போனது, ஆனால் யாருக்கோ. நோட்டீஸ் பதிந்திருக்கும் எண்ணுக்கோ முகவரிக்கோ போயிருந்தால் வங்கி தன் கடமையைச் செய்ததாகவே வாதிடும். எண்ணை மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்து அவர்கள் மாற்றாமல் விட்டிருந்தால் நிலைமை தலைகீழ். அதனால் எண் மாற்றப் படிவம் கொடுக்கும்போது ஒரு நகலில் கிளை முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் நகர வேண்டாம்.

பங்காளிகள் சேர்ந்து பொது வீட்டுப் பராமரிப்புக்கென்று வைத்திருக்கும் கூட்டுக் கணக்கில் இது இன்னும் சிக்கல். செய்தி பெரும்பாலும் முதல் பெயருக்கு உரிய எண்ணுக்குத்தான் போகும். மற்ற நான்கு பேருக்கு எதுவும் தெரியாது. முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடும்போது பாஸ்புக்கைப் பிரித்தால்தான் தெரியவரும். ஊரில் இருப்பவர் யாரோ அவர் பெயரை முதலில் வைப்பதும், மற்றவர்கள் எண்ணையும் செய்திக்குச் சேர்க்கச் சொல்வதும் நல்லது. வெளிநாட்டில் குடியேறியவர்கள் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். மாற்றினால் மினிமம் பேலன்ஸும் மாறலாம் என்பதை அப்போதே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பில் எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி அத்தகைய கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது. மறுபடி உயிர்ப்பிக்கவும் காசு வாங்கக் கூடாது. சேமிப்பு வட்டி தொடர்ந்து சேர வேண்டும். வங்கி போடும் வட்டியும் எடுக்கும் கட்டணமும் வாடிக்கையாளர் நடவடிக்கை ஆகாது. ஆக ஆபத்து முதல் இரண்டு வருடத்தில்தான். கணக்கை அப்படியே கைவிட்டுப் போனால் அந்த 24 மாதத்துக்குள் இருப்பு கரைந்துவிடும். வேண்டாத கணக்கை எழுதிக்கொடுத்து மூடிவிட்டுப் போவது மேல். செயலற்ற நிலைக்குப் பிறகும் அபராதம் விழுந்திருந்தால் கடைசியாக நீங்கள் பணம் போட்ட அல்லது எடுத்த தேதியைக் காட்டி, அதிலிருந்து இரண்டு வருடத்துக்குப் பின் பிடித்த அத்தனையையும் கேளுங்கள்.

இனி கேட்கும் முறை. வாய்ப்பேச்சு வேண்டாம். பற்று எழுதினால் எதற்கென்று எழுத வேண்டும் என்பதைப் பேரேடு பார்த்து வளர்ந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வங்கியிடமும் அதையே கேட்கிறோம். கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம். பிடித்த தேதி, தொகை, ஸ்டேட்மென்டில் அதற்கு எதிரே இருக்கும் குறிப்பு மூன்றையும் அப்படியே எழுதுங்கள். பிறகு நான்கு கேள்வி: இருப்பு குறைந்ததாக நோட்டீஸ் அனுப்பிய தேதி எது? எந்த எண்ணுக்கு அல்லது எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள்? அந்த மாதச் சராசரியை எப்படிக் கணக்கிட்டீர்கள், நாள்வாரித் தாள் தருக. அபராத விகிதம் அட்டவணையில் எந்த வரிசையில் உள்ளது? கடைசி வரியில், ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் எடுத்த தொகையை ஜிஎஸ்டியோடு திருப்பி வரவு வைக்கக் கேளுங்கள். ஜிஎஸ்டி என்று எழுதாவிட்டால் கட்டணத்தை மட்டும் திருப்பிவிட்டு வரியை விட்டுவிடுவது நடக்கிறது.

சுற்றறிக்கை எண்ணைப் பெரிதாகப் போட்டு மிரட்ட வேண்டாம். 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி பழைய சுற்றறிக்கைகளை வகைவாரியான முதன்மை வழிகாட்டுதல்களாகத் தொகுத்து, பழையவற்றை நீக்கியது. பழைய எண்ணைப் போட்டால் ‘அது நடைமுறையில் இல்லை’ என்று ஒரு வரிப் பதிலில் முடித்துவிட இடம் கொடுக்கிறோம். ‘மினிமம் பேலன்ஸ் குறைவுக்கு ஒரு மாத நோட்டீஸ்’ என்று விதியின் சாரத்தை எழுதுவது வலுவானது.

கிளையில் பதில் வராவிட்டால் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு, புகார் எண் கிடைக்கும்படி இணையத்தில் பதியுங்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன். சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் பதியலாம். சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 30 நாளுக்கு முன்பே ஓடினால் தள்ளுபடிதான். அதேபோல ‘கட்டணம் அநியாயம்’ என்று எழுதினாலும் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். ‘நோட்டீஸ் தராமல் பிடித்தது சேவைக் குறைபாடு’ என்று எழுத வேண்டும். இரண்டு புகாரும் ஒரே 141.60 பற்றியதுதான், ஒன்று விசாரணைக்குப் போகும், மற்றது போகாது.

பொதுத்துறை வங்கி என்றால் 10 ரூபாய் செலவில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பிய பதிவையே கேட்கலாம். தனியார் வங்கியிடம் இது செல்லாது.

நகைக்கடன் எடுக்கிறவர்களுக்கு: 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். மதிப்பீட்டுக் கட்டணமோ வேறெதுவோ அந்தத் தாளில் இல்லாவிட்டால், உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் பிடிக்க முடியாது. கையெழுத்து போடுமுன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நகைச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் கிளை இருக்கும் மாவட்டத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. 2019 சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். தேவகோட்டைக் கணக்குக்குச் சென்னையிலிருந்தே மனு செய்யலாம். பிடித்த நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. அதே விஷயம் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஆகவே சில நூறு ரூபாய்க்கு முதலில் ஓம்புட்ஸ்மேனிடம் போய், அங்கே தீராவிட்டால் மட்டும் ஆணையம் என்ற வரிசையில் போங்கள்.